ஏழு மணி ஜெபம்

"தம்பி, அந்த வசனத்த இனிமே என்னால வாசிக்க முடியாது" என்றார் சற்குணம் டீச்சர்.

பாஸ்டர் கிப்சன் ஆலய வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மைக்செட் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வயது முப்பத்தொன்று. உடன்குடிப் பக்கம் அந்தச் சபைக்குப் பாஸ்டராக வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

சிறுபிள்ளையில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் வசனம் சொல்லிக் கொடுத்தவர் இதே சற்குணம் டீச்சர். அதனால் டீச்சர் அவரைக் கூட்டத்தில் மட்டும் 'ஐயா' என்பார். ஆள் இல்லாவிட்டால் 'தம்பி'தான்.

சபையாருக்கு இந்தப் பாஸ்டர்மேல் ஒரு குறை உண்டு. ஒன்று கேட்டால் பதில் வராதாம். அவர் திருப்பி ஒன்று கேட்பாராம்.

"எந்த வசனம், டீச்சர்?"

டீச்சர் பைபிளுக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்.

புத்தாண்டு ஆராதனையில் குடும்பத்துக்கு ஒன்றாகப் பெட்டியிலிருந்து எடுக்கிற வாக்குத்தத்த அட்டை அது. கைக்கு எது வருகிறதோ, அந்த வருஷத்துக்கு அந்த வீட்டுக்கு ஆண்டவர் சொன்ன வார்த்தை அதுதான் என்று நம்புவார்கள். டீச்சருக்கு வந்தது, வியாதியை விலக்கிப்போடுவேன் என்கிற வசனம்.

பிப்ரவரியில் அவர் கணவர் பொன்னுத்துரைக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது.

"பாத்தீங்களா டீச்சர், ஆண்டவர் முன்கூட்டியே சொல்லிட்டாரு" என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். டீச்சரும் அட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது?

போன மாதம் பெரிய டாக்டர் டீச்சரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "வீட்டுல வெச்சு நல்லாப் பாத்துக்கோங்கம்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது?

"எங்க வீட்டு அவியளுக்குத் தெரியாது, தம்பி. நான் சொல்லல. ஏழு மணியானா, 'சற்குணம், அட்டைய எடு, வாசிச்சு ஜெபம் பண்ணு'ங்காவ. நானும் வாசிக்கேன். சுகமாயிரும், எந்திரிச்சிருவாவன்னு ஜெபம் பண்ணுதேன். உள்ளுக்குள்ள பொய், பொய்னு ஒண்ணு கத்துது."

"ம்."

"ஆண்டவர்கிட்டயும் பொய். அவியகிட்டயும் பொய். நிறுத்தினா அவியளுக்குத் தெரிஞ்சிரும். நிறுத்தாட்டா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். இன்னைக்கு ஏழு மணிக்கு நான் என்னத்தச் சொல்ல? அத மட்டும் சொல்லு."

பாஸ்டர் ஒயரைச் சுருட்டி முடித்து ஓரமாக வைத்தார்.

"அண்ணாச்சி என்ன ஜெபிப்பாங்க?"

"யாரு, அவியளா?"

"ஆமா."

"அவிய என்ன ஜெபிக்க? படுத்த படுக்கையால்லா கெடக்காவ."

"வாய் நல்லாத்தானே இருக்கு?"

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மனுஷி உசிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள், இவனுக்குக் கேலி கேட்கிறது.

"பதில் தெரியாட்டா தெரியாதுன்னு சொல்லு. அஞ்சாங்கிளாஸ்லயும் நீ இப்பிடித்தான் மழுப்புவ."

"தெரியாது டீச்சர்" என்றார் பாஸ்டர். "வாங்க, வீட்டுக்குப் போவோம்."

வழியெல்லாம் டீச்சர் வீம்பாக அவருக்கு முன்னால் நடந்தார்.

பொன்னுத்துரை முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் குரல் கேட்டு நடு ரோட்டு ஆடுகள் விலகும் என்பார்கள். இப்போது கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தார்.

ஆறு மாதமாக அந்தக் கட்டிலைச் சுற்றி ஜெபம் நடக்காத நாள் இல்லை. ஆண்கள் ஐக்கியம் வந்தது. பெண்கள் ஐக்கியம் வந்தது. உபவாசக் குழு, வாலிபர் குழு, கிட்டாரோடு வெளியூர்க்காரர்கள் சிலர். எல்லோரும் அவர் தலையில் கை வைத்துத் தெருமுனைவரை கேட்கிற மாதிரி ஜெபித்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். பாசத்தில்தான் வந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"வாங்க ஐயா" என்றார் பொன்னுத்துரை. "என் முடி மருந்துல கொட்டினதுன்னு டாக்டர் சொல்லுதாரு. அவருக்கு என்ன தெரியும்? எல்லாம் சபையார் கை வெச்சு வெச்சுக் கொட்டினது."

பாஸ்டர் சிரித்தார். நாற்காலியில் உட்காராமல் கட்டில் ஓரத்தில், அவர் கால்மாட்டில் உட்கார்ந்தார். தலையில் கை வைக்கவில்லை.

சுவர்க் கடிகாரம் ஏழு அடித்தது.

"சற்குணம், அட்டைய எடு" என்றார் பொன்னுத்துரை.

டீச்சர் அட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு தடவை துடைத்தது போதாதென்று இன்னொரு தடவை துடைத்தார்.

"அண்ணாச்சி" என்றார் பாஸ்டர், "இன்னைக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க."

"நானா?"

"நீங்கதான்."

பொன்னுத்துரை தலையணையில் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"இத்தன பேரு வந்தாவ ஐயா. ஒருத்தரும் என்னையப் பண்ணச் சொல்லல, பாத்துக்கிடுங்க."

கண்ணை மூடினார். டீச்சரும் மூடினார். உள்ளுக்குள் ஆயிரம் பயம். சுகம் கொடும் என்று இந்த மனுஷன் வாய்விட்டுக் கேட்டுவிட்டால், அதை எப்படிக் கேட்டுக்கொண்டு இருப்பது?

"ஆண்டவரே" என்றார் பொன்னுத்துரை. மெலிந்த குரல்தான், ஆனால் பிசிறு இல்லை. "டாக்டர் சொன்னது எனக்கு அன்னைக்கே தெரியும். நான் ஒம்மகிட்ட வாரேன். வருத்தம் இல்லன்னு சொன்னா பொய். இருக்கு. ஆனா எனக்காக இவ படுத பாட்டப் பாக்க முடியல, ஆண்டவரே. இவளுக்கு ஒரு நல்ல தூக்கத்தக் குடும்."

ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறக்கக்கூடாது என்று முப்பது வருஷம் பிள்ளைகளை அதட்டிய டீச்சர், கண்ணைத் திறந்துவிட்டார்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பொன்னுத்துரையும் கண்ணைத் திறந்தார்.

"டாக்டர் ரூம்ல இருந்து வெளிய வந்து என்னையப் பாத்துச் சிரிச்ச. ஆஸ்பத்திரியில நீ என்னைக்குச் சிரிச்சிருக்க?"

"பின்ன எதுக்குத் தெனமும் அத வாசிக்கச் சொன்னிய?"

"நீ அத நம்பிக்கிட்டு இருக்கன்னு நெனச்சேன். ஒன்கிட்ட இருக்கது அது ஒண்ணு. அதையும் நான் பிடுங்கிரக் கூடாதுல்லா."

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு மாதமாகப் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுத அழுகை, கணவரின் கண்முன்னாலேயே வந்தது. முந்தானையால் மூடவில்லை. பொன்னுத்துரை மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலும் தண்ணீர் ஓடியது.

பாஸ்டர் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அழுது கொஞ்சம் ஓய்ந்த பிறகு பொன்னுத்துரை சொன்னார்:

"ஜெபம் பாதியில நிக்கி. நீ முடி."

டீச்சர் கண்ணை மூடினார். சபை அசன விருந்து, கல்யாண வீடு, சாவு வீடு என்று எங்கே நிறுத்தினாலும் வசனம் வசனமாக அடுக்கி ஜெபிக்கிறவர். ஒரு வசனமும் வாய்க்கு வரவில்லை.

"ஆண்டவரே" என்றார். "எனக்குப் பயமா இருக்கு."

"ஆமென்" என்றார் பொன்னுத்துரை. "எனக்கும்."