மனு மண்டபத்துத் தூசிப்பூதம்

முன்னொரு காலத்தில், ஆறுகளுக்கு இன்னும் பேர் வைத்து முடிக்காத காலத்தில், செம்பியூர் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதற்கு ஒரு ராஜா. நல்லவர்தான். ஜனங்கள் தங்கள் குறைகளைச் சொல்லட்டும் என்று அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு மனு மண்டபம் கட்டினார். பெரிய எழுத்தர் ஆபத்சகாயத்தையும் இரண்டு சின்ன எழுத்தர்களையும் அங்கே உட்கார வைத்தார். வைத்ததோடு சரி. அப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எழுத்தர்கள் மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எதையும் தூக்கி எறிய மாட்டார்கள். எழுத்தாணி முறிந்ததா? "இருக்கட்டும், எதுக்காவது உதவும்." விசிறி கிழிந்ததா? "இருக்கட்டும், எதுக்காவது உதவும்." கூஜா ஓட்டையா? "இருக்கட்டும், எதுக்காவது உதவும்." ஆயுத பூஜை வந்தால் ஊரே ஒட்டடை அடித்து, கழுவி, துடைத்து, அப்புறம்தானே சந்தனம் குங்குமம் வைக்கும்? இவர்கள் துடைக்கிற வேலையை மட்டும் விட்டுவிட்டார்கள். விரல் கனத் தூசியின் மேலேயே சந்தனம். அதன் மேல் குங்குமம். அதன் மேல் ஒரு சாமந்திப் பூ.

பூஜை தனக்குத்தான் என்று தூசி நினைத்துக்கொண்டது. வருஷா வருஷம் பூஜை கிடைத்தால் யாருக்குத்தான் தலை கனக்காது? தூசி பெருத்தது, கை கால் முளைத்தது, பூதமாக எழுந்து உட்கார்ந்துகொண்டது.

ஆற்றுத் துறையில் ஓடம் ஓட்டுகிறவன் வேலப்பன். துறைப் படிக்கட்டு இடிந்து பிள்ளைகள் எல்லாம் வழுக்கி விழுகின்றன என்று மனுக் கொடுக்க மண்டபத்துக்குப் போனான். "உக்காருப்பா, பாக்கலாம்" என்றார் ஆபத்சகாயம். உட்கார்ந்தான். ஒரு மாசம் போயிற்று, இரண்டு மாசம் போயிற்று, மூன்று மாசம் போயிற்று. போன மனுஷன் வீடு திரும்பவில்லை.

அவன் பெண்டாட்டி அங்காயி, சத்திரத்தில் கூடம் கழுவிப் பாத்திரம் துலக்குகிறவள். இனியும் பொறுக்க முடியாது என்று ஆயுத பூஜையன்று காலையில் கிளம்பிவிட்டாள். வேலப்பனுக்கு உயிரான பாகுப் பொரி உருண்டை மூன்று பிடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மண்டபத்தில் கால் வைத்ததும் மூன்று தும்மல் தும்மினாள். உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு.

"ஐயா, மனுக் கொடுக்க வந்த என் வீட்டுக்காரரு எங்க?"

"தெரியாதேம்மா. வந்தவங்க உக்காந்திருந்தாங்க. எழுந்து போயிருப்பாங்க" என்றார் ஆபத்சகாயம்.

"அந்தப் பலகையில வரிசையா இருக்கிறது என்னங்க?"

"அதுவா? பதினேழு சிலை. யாரு கொண்டாந்து வச்சாங்களோ. இருக்கட்டும், எதுக்காவது உதவும்."

அங்காயி குனிந்து சிலைகளின் கால்களைப் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்பதாவது சிலைக்கு இடது கால் சுண்டுவிரல் கோணல். ஓடத்துக்கும் கரைக்கும் நடுவில் மாட்டி நசுங்கிய விரல் அது. அவளே மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்ட விரல். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ச்சு, ச்சு, ச்சு" என்று உத்தரத்திலிருந்து ஒரு சத்தம். பார்த்தால், ஒரு பல்லி.

"அக்கா, அது எல்லாம் மனுஷங்கதான். பூதம் தூசியால கட்டி வச்சிருக்கு. இன்னிக்குப் பன்னிரண்டாவது பூஜை. சாயங்காலம் விளக்கேத்திச் சந்தனம் வச்சாங்கன்னா அப்புறம் பூதத்தை யாராலயும் அசைக்க முடியாது. உள்ள இருக்கிறவங்களும் தூசியாவே போயிடுவாங்க."

"அதுக்கு முன்னால?"

"ஒரு பிடி மிச்சமில்லாம எல்லாக் குப்பையும் வாசற்படி தாண்டணும். தாண்டறதுக்குள்ள யாராவது இருக்கட்டும்னு சொல்லிட்டா எல்லாம் திரும்பி வந்திடும்."

"இவ்வளவு தெரிஞ்ச நீ முன்னாலயே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே! நான் வாயைத் திறந்தா இவங்க பஞ்சாங்கத்தைத் திறக்கிறாங்க" என்று பல்லி அலுத்துக்கொண்டது.

எழுத்தர்களைப் பூதம் ஏன் சிலையாக்கவில்லை என்று கேட்பீர்கள். அவர்கள் ஏற்கெனவே அசையாதவர்கள், அவர்களுக்கு எதற்குத் தனி மந்திரம்?

"பூஜை நாளாச்சே, மண்டபத்தைச் சுத்தம் பண்ணித் தரட்டுங்களா?" என்று அங்காயி கேட்டாள். "தாராளமா" என்றார்கள் மூவரும். சேலையை வரிந்து கட்டினாள். நம்மைப் போல முதலில் தரையைப் பெருக்குகிற ஆளா அவள்? மேலே ஒட்டடை, நடுவில் அலமாரி, கடைசியில்தான் தரை. நீளக் கம்பில் தென்னந் துடைப்பத்தைக் கட்டி உத்தரத்தை அடித்தாள்.

"யாரது என் வீட்டைக் கலைக்கிறது?" என்று மூலையிலிருந்து யானை உயரத்துக்கு எழுந்தது பூதம்.

"கொஞ்சம் தள்ளி நில்லு. பெருக்கணும்" என்றாள் அங்காயி.

முதல் கூடை நிறைந்தது. வாசற்படியில் ஒரு கால் வைத்தாள். "ஐயோ, என் எழுத்தாணி! முறிஞ்சா என்ன? இருக்கட்டும், எதுக்காவது உதவும்" என்றார் ஆபத்சகாயம். அவ்வளவுதான். கூடைத் தூசி புஸ்ஸென்று கிளம்பிப் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி அடித்தாள், மறுபடி அள்ளினாள். "ஐயோ, என் விசிறி! இருக்கட்டும், எதுக்காவது உதவும்" என்றார் ஒரு சின்ன எழுத்தர். புஸ்! மூன்றாம் தடவை, "ஐயோ, என் கூஜா! இருக்கட்டும்" என்றார் இன்னொருவர். புஸ்! பூதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. அங்காயிக்கு அழுகை வந்தது. அழுதாள். அழுதுகொண்டே யோசித்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். புருஷனுக்காகப் பிடித்ததை இவர்களுக்குக் கொடுக்க மனசே வரவில்லை. ஆனாலும் கொடுத்தாள்.

"ஐயாமாருங்களே, பூஜைப் பொரி உருண்டை. ஒரே வாயில போட்டுக்கணும்."

மூன்று பேர், மூன்று உருண்டை, மூன்று வாய். கெட்டிப் பாகு. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டினால் லேசில் விடாது. அங்காயி ஓட்டமாக ஓடினாள். முதல் கூடை போயிற்று. "ம்ம்!" பத்தாவது கூடை போயிற்று. "ம்ம், ம்ம்!" நாற்பதாவது கூடையில் எழுத்தாணி, விசிறி, கூஜா எல்லாம் போயின. "ம்ம், ம்ம், ம்ம்!"

"சொல்லுங்கடா! இருக்கட்டும்னு சொல்லுங்கடா!" என்று பூதம் குதித்தது. குதிக்கக் குதிக்கச் சிறுத்தது. யானையாக இருந்தது ஆடாயிற்று, ஆடு எலியாயிற்று. அங்காயி கதவைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். விளக்கைப் புளி போட்டுத் துலக்கினாள். மண்டபத்துக்கு ஏழு ஜன்னல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. சிலைகளுக்கு ஒவ்வொன்றாகக் கண் திறந்தது, மூக்கு அசைந்தது.

தப்பிக்க வழியில்லாமல் எலியளவு பூதம் ஓடிப்போய் வேலப்பன் தோளில் கிடந்த துண்டுக்குள் நுழைந்துகொண்டது. அங்காயி துண்டை வெடுக்கென்று உருவிச் சுருட்டினாள். வாசற்படிக்கு ஓடினாள். அதற்குள் வேலப்பனுக்கு வாய் திறந்துவிட்டது.

வேலப்பனைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அவனும் எதையும் தூக்கி எறியாத ஜாதிதான். உடைந்த துடுப்பு ஏழு அவன் வீட்டுப் பரணில் கிடக்கிறது. இந்தத் துண்டோ கல்யாணத்துக்கு மாமனார் போர்த்தியது. அங்காயியிடம் இன்னொரு உருண்டை கிடையாது.

"வேலப்பா" என்று துண்டுக்குள்ளிருந்து பூதம் கொஞ்சியது. "உன் கல்யாணத் துண்டுப்பா. இருக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா."

வேலப்பன் துண்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். தலை முதல் கால் வரை ஒட்டடை, கை இரண்டும் கொப்புளம்.

"எறி புள்ள" என்றான். "மூணு மாசம் எம் மேல படிஞ்சு கெடந்திச்சு. நீ கூப்பிட்டாக்கூட எனக்குக் கேக்காம போயிடுமோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். எறிஞ்சிட்டு வா, வீட்டுக்குப் போவோம்."

எறிந்தாள். வாசற்படிக்கு வெளியே பூதத்துக்குச் சந்தனம் ஏது, குங்குமம் ஏது? வெறும் தூசியாகக் காற்றோடு போய்விட்டது.

பதினேழு பேரும் சேர்ந்து ஒரு தும்மல் தும்மினார்கள். அரண்மனையே அதிர்ந்தது. ராஜா ஓடி வந்தார், நடந்ததைக் கேட்டார், தலை குனிந்தார். "அம்மா, உனக்கு என்ன வேணும், கேள்" என்றார்.

"மனுவைப் படிங்க மகராசா. எல்லாத்தையும்."

ராஜா தரையிலேயே உட்கார்ந்து பதினேழு மனுவையும் படித்தார். இடிந்த படிக்கட்டைக் கட்ட அப்போதே கொத்தனாரை அனுப்பினார். மனு மண்டபத்தின் சாவியை அங்காயி கையில் கொடுத்து, "இனி இங்கே உன் சொல்தான்" என்றார். ஆபத்சகாயத்துக்கு ஒரு வழியாகப் பாகு கரைந்தது. அவர் ஈரத்துணி எடுத்து ஒரு அலமாரியை மரம் தெரியும் வரை துடைத்தார், அப்புறம்தான் சந்தனம் வைத்தார். அது தேக்கு என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் பதினேழு வீடுகளில் உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாக விழுந்தது. அவர்கள் வயிறு நிறைந்தது போல நம் வயிறும் நிறையட்டும். கதை கேட்டவர்கள் கை கழுவிவிட்டு வாருங்கள், சாப்பிடலாம்.