எரிபொருள் இருந்தும் இறங்காத விமானம்

நீதி சொல்ல வல்லோர் என்று நம்மை நாமே எண்ணிக்கொள்வது எளிது. அவ்வாறு எண்ணுவோர் இந்த வழக்கையும் கேட்டுப் பார்க்கட்டும்.

ஐப்பசி அடைமழை நாளொன்றில், தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் பயணிகள் விமானம் ஒன்றைச் செலுத்தி வந்தார் கேப்டன் ஸ்டெல்லா. அவர் பணிபுரிந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. எரிபொருளைக் குறைத்துச் செலவிட்ட விமானிகளின் பெயர்களை மாதந்தோறும் வரிசைப்படுத்தி ஓய்வறைச் சுவரில் ஒட்டுவார்கள். கூடுதலாக ஏற்றும் எரிபொருளின் பாரமே மேலும் எரிபொருளைத் தின்னும் என்பது நிறுவனத்தின் வாதம், அது பொய்யுமன்று. அந்தப் பட்டியலில் கேப்டன் குலசேகரன் எப்போதும் முதல்வர், ஸ்டெல்லா கடைசி. அன்றும் வானத்தின் கறுப்பைக் கண்ட ஸ்டெல்லா, ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டமிட்டுவிட்டு வேறோர் ஊருக்குத் திரும்பவும் போதுமான எரிபொருளை நிரப்பிக்கொண்டே புறப்பட்டார்.

பகல் இரண்டு மணிக்கு அவர் சென்னையை நெருங்கியபோது, மழை ஓடுபாதையை மூடியிருந்தது. வரிசையில் முதலாவது ஸ்டெல்லா. அவருக்கு அடுத்து, மதுரையிலிருந்து வந்த குலசேகரன். தரையிலிருந்து வழிநடத்தும் அதிகாரி சிவநேசன் இருவரிடமும் கேட்டார்: "திறக்க நாற்பது நிமிடம் ஆகும். காத்திருக்க இயலுமா? இயலாதென்றால் இப்போதே சொல்லுங்கள். திருச்சியில் வானம் தெளிவாக இருக்கிறது."

இயலும் என்றார் ஸ்டெல்லா. இயலும் என்றார் குலசேகரனும்.

ஸ்டெல்லாவின் உதவி விமானி அப்சலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொட்டு நீலம் விடுற மாதிரி எண்ணெய் ஊத்துற மனுஷர் மேடம் இவர். நாற்பது நிமிஷத்துக்கு இவருக்கு ஏது?"

ஸ்டெல்லாவுக்கும் அதே ஐயம் எழுந்தது. ஆயினும், ஒரு கேப்டனின் எரிபொருளைப் பற்றி இன்னொரு கேப்டன் வானொலியில் வாய் திறப்பதில்லை என்பது அவர்களிடையே எழுதப்படாத மரியாதை. "அவர் விமானம், அவர் பொறுப்பு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

வட்டமிட்டுக்கொண்டிருந்த வேளையில் பணிப்பெண் ஒரு செய்தி கொண்டுவந்தார். பதினான்காம் வரிசையில் பேச்சிமுத்து என்றொரு உப்பளத் தொழிலாளி இருக்கிறார். அவர் மகள் சென்னையில் ஒரு மருத்துவமனையில் கிடக்கிறாள். நான்கு மணிக்குள் வந்தால் உயிரோடு முகம் பார்க்கலாம் என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். நாம்தாம் முதலில் இறங்குவோம் என்று அவரிடம் சொல்லும்படி ஸ்டெல்லா கூறி அனுப்பினார்.

இரண்டு நாற்பதுக்கு மழை சற்றே விட்டது. அடுத்த மேகம் நெருங்கிக்கொண்டிருந்ததால், ஒரே ஒரு விமானம் இறங்கத்தான் இடைவெளி இருந்தது. சிவநேசன் ஸ்டெல்லாவை அழைத்தார். அந்நொடியில் குலசேகரனின் குரல் குறுக்கிட்டது.

"மேடே, மேடே, மேடே. எரிபொருள் தீர்கிறது."

அந்த அபயக்குரல் எழுந்தபின் வரிசை கிடையாது. மெய்யா என்று ஆராய்வதும் கிடையாது. மெய்யாகவே இருந்தது. திருச்சி சேர்வதற்கு வேண்டிய எரிபொருள், காத்திருந்த முதல் கால் மணியிலேயே அவரிடம் கரைந்துபோயிருந்தது. சிவநேசன் அவருக்கு வழிவிட்டார்.

"நாமளும் மேடே சொல்லிடலாம் மேடம். யார் வந்து டேங்கை அளக்கப் போறாங்க?" என்றார் அப்சல்.

"நான் அளந்திருக்கேன், அப்சல். ரெண்டு பேரும் கத்தினா அவரை எங்கே இறக்குவாங்க, கடல்லயா?"

குலசேகரன் இறங்கினார். அவர் பின்னாலேயே வந்த மழை ஓடுபாதையை விழுங்கியது. ஸ்டெல்லா காத்திருக்கும் எல்லைவரை காத்திருந்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பினார். அங்கே இறங்கியபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. பேச்சிமுத்துவின் கைப்பேசி ஒலித்தது. கேட்டு முடித்தவர், எல்லோரும் இறங்கிப் போனபின் விமானி அறை வாசலில் வந்து நின்றார்.

"எண்ணெய் தீந்துபோச்சாம்மா?"

"இல்லைங்கய்யா. இருந்தது."

"இருந்துமா எறக்கல?"



மறுவாரம், நெருக்கடியில் நிதானம் காத்தவர் என்று குலசேகரனை நிறுவனம் பாராட்டியது. தேவைக்கு மேல் எரிபொருள் ஏற்றியது ஏன் என்று ஸ்டெல்லாவிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டது.

அறிவுடையீர், வழிவிட்டவர் ஒருவர், அபயம் கேட்டவர் ஒருவர், பொய் சொல்ல மறுத்தவர் ஒருவர். மகளின் முகத்தைப் பேச்சிமுத்து காணாமற் செய்தவர் இம்மூவரில் யார்? எந்த நொடியில் செய்தார்?

விடை: குலசேகரனின் அபயக்குரலைக் குற்றம் சொல்வோர் தவறுகிறார்கள். அன்று அவர் சொன்ன மெய் அது ஒன்றே. அதற்குச் செவிசாய்த்த சிவநேசன் செய்ததும் சரியே. பிழை, திருச்சிக்கு வழி திறந்திருந்தபோது குலசேகரன் சொன்ன 'இயலும்' என்ற சொல்லில் இருக்கிறது. அவர் அப்போதே விலகியிருந்தால் இடைவெளி ஸ்டெல்லாவுடையது. ஆனால் ஸ்டெல்லா தம்மையும் விட்டுவைக்கவில்லை. "பொய்யென ஐயுற்றும் நான் வாய் திறக்கவில்லை. என் மரியாதைக்கு என் பயணி விலை கொடுத்தார்" என்று தம் விளக்கக் கடிதத்தில் எழுதினார். கேட்ட கேள்விக்கு இது விடையன்று என்று குறிப்பெழுதி, நிறுவனம் அக்கடிதத்தைத் திருப்பி அனுப்பியது.