வேழமருந்தைப் படித்தவர் யார்

வெண்குன்றம் என்றொரு நாடு இருந்த காலத்தில், அதை அபரஞ்சிராசன் என்றொரு அரசன் ஆண்டான். நல்லவன்தான். ஆனால் சுவடிப் பைத்தியம். படிக்கிற பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள், வைத்திருக்கிற பைத்தியம். உலகத்தில் ஒரே பிரதிதான் உண்டு என்று யாராவது சொன்னால் போதும், ஒரு கிராமத்தையே எழுதிக்கொடுத்து அந்த ஓலைக்கட்டை வாங்கிவிடுவான்.

அப்படி வாங்கியதுதான் 'வேழமருந்து'. யானைகளின் நோய்களுக்கு வைத்தியம் சொல்லும் பழைய நூல். விற்றவனுக்கே எழுத்து வாசனை கிடையாது. அரசன் அதைப் பட்டில் சுற்றி, முடிச்சில் அரக்கு முத்திரை வைத்தான். "விஜயதசமியன்று சபையில்தான் பிரிக்கணும். அதுவரை நான் உட்பட யாரும் முத்திரையைத் தொடக்கூடாது" என்று உத்தரவும் போட்டான்.

சுவடிச்சாலையைக் காத்தவர் ஏகாம்பரம். நவராத்திரிக்குத் தூசி தட்ட அந்த ஓலைக்கட்டை எடுத்தார், கனமே இல்லை. முத்திரை அப்படியே இருந்தது. பட்டின் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. உள்ளே மேல்பலகையும் கீழ்ப்பலகையும் மட்டும் இருந்தன, நடுவில் ஓலைகளைக் காணோம்.

அரசனுக்கு வந்த கோபத்தில் சபையே நடுங்கியது. "விஜயதசமிக்குள் நூல் வரவில்லை என்றால், எழுத்தாணி பிடிக்கும் ஏகாம்பரத்தின் கட்டைவிரலை வெட்டி, குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்" என்றான்.

"தரும நீதி, மகாராசா" என்றார் ஆஸ்தான வித்துவான் நாவுக்கினியர். "காவல்காரனே விற்றுத் தின்றால் யார் என்ன செய்ய முடியும்?"

நாவுக்கினியருக்கு ரொம்ப நாளாக ஒரு வயிற்றெரிச்சல். சுவடிச்சாலைப் பொறுப்பு தமக்குத்தான் வரும் என்றிருந்தார். அது ஏகாம்பரத்துக்குப் போய்விட்டது. அந்த எரிச்சலில் அவருக்குச் சோறுகூடச் சரியாக இறங்குவதில்லை.

மந்திரி பூவராகர் ஏகாம்பரத்தின் வீட்டுக்கே போனார்.

"சாலைக்குள் யாரெல்லாம் வருவார்கள்?"

"படிக்க வர்ற புலவருங்கதான், ஐயா. அவங்க மடியில கைவிட்டா தேட முடியும்? என் விரல் போறதுகூடப் பெரிசில்ல, திருடன்னு பேர் வாங்கிட்டுப் போகணுமே, அதான் நெஞ்சு ஆற மாட்டேங்குது" என்று அழுதார் ஏகாம்பரம்.

புலவர்கள் வீட்டில் தேடிப் பயனில்லை என்று மந்திரிக்குத் தெரியும். நூறு கட்டுக்குள் ஒரு கட்டை ஒளிப்பது வைக்கோல் போரில் ஊசியை ஒளிப்பது போலத்தான். அவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தார். எழுதிய ஓலைகளை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார். புகை பட்டுப் பட்டு ஓலை பழுத்தது, கொஞ்சம் தாளிப்பு வாசனையும் ஏறியது. பிறகு, "வேழமருந்து பரணில் கிடைத்துவிட்டது. எலி இழுத்துப் போயிருக்கிறது" என்று சபையில் அறிவித்தார். அரசனிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. அரசன் வாயில் ரகசியம் தங்காது.

விஜயதசமியன்று சபை கூடியது. ஏகாம்பரம் ஓர் ஓரமாகக் கைகட்டி நின்றார். மந்திரி கட்டைப் பிரித்துப் படித்தார்:

"யானைக்கு மதம் பிடித்தால், அதன் காதில் நெய் தடவி, பாகனின் மாமியார் தாலாட்டுப் பாட வேண்டும்."

"ஆகா, எப்பேர்ப்பட்ட அறிவு" என்று அரசன் தலையாட்டினான். அரசன் ஆட்டிய பிறகு சபை ஆட்டாமல் இருக்குமா? எல்லாத் தலையும் ஆடியது. கூட்டத்தில் நின்ற யானைப்பாகன் மட்டும் தன் மாமியாரை நினைத்து முகம் வெளுத்தான்.

"மகாராசா, நூலின் முகப்பில் பெரிய புலவர் ஒருவர் சிறப்புப்பாயிரம் பாட வேண்டுமல்லவா? இதுவே உண்மையான வேழமருந்து என்று நாவுக்கினியர் பாடி, தம் பெயரைப் பொறிக்கட்டும்" என்றார் மந்திரி.

நாவுக்கினியர் கணக்குப் போட்டார். பாடினால் இந்த உளறல் இருக்கும்வரை அவர் பெயரும் அதோடு கிடக்கும், ஏகாம்பரமும் தப்பித்துவிடுவான். அவரால் பொறுக்க முடியவில்லை.

"மகாராசா, இது போலி" என்றார்.

"பழைய நூல் அப்படித்தான் இருக்கும், புலவரே. உமக்குப் புரியவில்லை போலிருக்கிறது" என்றார் மந்திரி.

இத்தனை பேர் முன்னால் புரியவில்லை என்று சொன்னால் எந்தப் புலவர் சும்மா இருப்பார்? "எனக்கா புரியாது? வேழமருந்து மதத்தில் தொடங்காது, ஐயா. முதலில் கால் புண். அப்புறம் கண் நோய். மதம் கடைசிப் பகுதி. அதில் பாதி ஏட்டைக் கறையான் அரித்திருக்கும்."

"அடடே. கால் புண்ணுக்கு என்ன மருந்தோ?"

"வேப்பெண்ணெயில் மஞ்சளும் வசம்பும்" என்று தொடங்கிய வித்துவான், ராகத்தோடு பாட்டாகவே ஒப்பித்தார். பாடி முடித்துச் சுற்றிப் பார்த்தார். எந்தத் தலையும் ஆடவில்லை.

மந்திரி மெதுவாகச் சொன்னார்: "முத்திரை வைத்த அந்தக் கட்டை மகாராசா பிரிக்கவில்லை. நானும் பிரிக்கவில்லை. ஏகாம்பரம் முத்திரையைத் தொடக்கூட இல்லை. நீங்கள் எங்கே படித்தீர்கள், புலவரே?"

 காவலர்கள் போய் நாவுக்கினியர் வீட்டு நெற்குதிரிலிருந்து ஓலைகளை எடுத்து வந்தார்கள்.

அரசன் மந்திரியைப் பார்த்தான். "அப்படியானால் நீர் படித்தது?"

"நான் எழுதியது, மகாராசா."

"நான் தலையாட்டினேனே?"

"ஆட்டினீர்கள்."

 அரசனுக்கு அவமானம்தான். ஆனால் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, தன் கழுத்து முத்துமாலையை அவர் கழுத்தில் போட்டு, "தப்பு என்னுடையது" என்றான். "மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும்? அந்த வித்துவான் விரலை வெட்டவா?"

"விரல் வேண்டும், மகாராசா. ஒரே பிரதி இருந்ததால்தானே ஒரு கை அதை மறைக்க முடிந்தது? நாட்டில் எத்தனை யானைக் கொட்டாரமோ அத்தனை பிரதி வேண்டும். நாவுக்கினியர் எழுதட்டும்."

ஒரே பிரதி என்ற பெருமை போகிறதே என்று அரசன் முகம் சுளித்தான். ஆனாலும் சரி என்றான்.

மறுநாள் முதல் ஆஸ்தான வித்துவான் சுவடிச்சாலைத் தரையில் உட்கார்ந்து எழுதினார். ஏகாம்பரம் ஒவ்வோர் ஏட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சாமி, இதுல வரி கோணுது. இன்னொரு தரம் எழுதிடுங்க."

நாவுக்கினியர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஓலையை எடுத்தார்.