சோயா வேரில் உண்ணி பிடுங்கிய முள்ளம்பன்றி

ஆப்பிரிக்காவில், ஓர் ஆற்றங்கரைக் காட்டில், முள்ளன் என்ற முள்ளம்பன்றி தன் மனைவி ஊசியோடும் இரண்டு குட்டிகளோடும் குடியிருந்தது.

இக்கரையில் பயிர் செய்து பிழைக்கலாம். அக்கரையில் கிழங்கு உண்டு, சிறுத்தையும் உண்டு. அதனால் இக்கரையில் விளைகிற சோயா மொச்சைதான் கோடைக்குக் கதி. மூன்று வருடமாக முள்ளன் நிலத்தில் செடிகள் மஞ்சளடித்தன, காய் பிடிக்கவில்லை. பக்கத்து நிலத்துக் கினிக்கோழி புள்ளிக்கோ குதிர் நிரம்பி வழிந்தது.

புள்ளியிடம் காரணம் கேட்டிருக்கலாம். ஆனால் முள்ளன் அதனோடு பேசுவதில்லை. ஏழு வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில், "அவரைக் கடைசியில் உட்கார வையுங்கள், முள் குத்தும்" என்று புள்ளி சொல்லிவிட்டது. முள் குத்தும் என்பது உண்மைதான். அதற்காகச் சபையில் சொல்லலாமா?

ஊசி போய்க் கேட்டது. புள்ளி ஒரு பிடி கறுப்புப் பொடி கொடுத்தது.

"இதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, தங்கச்சி! வெயில் பட்டால் செத்துவிடும். விதையை வெல்லத் தண்ணீரில் பிசறி, நிழலில் வைத்து இதில் புரட்டு. அன்றைக்கே விதைத்துவிடு. அவை வேரில் முடிச்சு முடிச்சாய்க் குடியிருந்து, காற்றில் உள்ள சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும்!"

"அதற்குச் செடி என்ன கொடுக்கும், அக்கா?"

"கொஞ்சம் இனிப்பு. அவ்வளவுதான்!"

ஊசி புருஷனிடம் சொல்லாமல் அப்படியே செய்தது.

ஆறாவது வாரம் செடிகள் கரும்பச்சையாய் நின்றன. அதுவே முள்ளனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஒரு செடியின் பக்கத்தில் தோண்டிப் பார்த்தது. வேரெல்லாம் உருண்டை உருண்டையாய் முடிச்சுகள். ஒன்றைக் கடித்தது. உள்ளே சிவப்பு.

"உண்ணி!" என்று கத்தியது முள்ளன். "எருமைக் காதில் இருக்கிற அதே உண்ணி! இரத்தம் குடித்து உப்பியிருக்கிறது!"

"செடிக்கு ஏதுங்க இரத்தம்?" என்றது ஊசி. பிறகு வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னது. "அது புள்ளியக்கா கொடுத்த பொடி. உள்ளே சிவந்திருந்தால் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமாம்."

"புள்ளி கொடுத்ததா? அப்படியானால் உண்ணியேதான்!"

"செடி பச்சைப்பசேலென்று இருக்கிறதே!"

"அணையப் போகிற விளக்கும் பிரகாசமாகத்தான் எரியும். பிறந்ததிலிருந்து வேர் தின்கிறவன் நான். எனக்கு ஒரு கோழி வேரைப் பற்றிப் பாடம் சொல்வதா?"

முள்ளன் எட்டு நாள் உழைத்தது. செடி செடியாய்ப் பக்கவாட்டில் தோண்டி, முடிச்சுகளை நகத்தால் வழித்தெடுத்து, மண்ணை மூடியது. வேலை சுத்தமாக இருந்தது. குறை சொல்ல முடியாது. கடைசி மூன்று வரிசையில் மட்டும் ஊசி குறுக்கே படுத்துக்கொண்டது.

"இதைத் தொட்டால், உங்கள் முள் பெரிதா என் முள் பெரிதா என்று இங்கேயே பார்த்துவிடலாம்!"

முள்ளன் பார்க்க விரும்பவில்லை.

அறுவடை வந்தது. அந்த மூன்று வரிசையில் காய்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கின. மற்ற நிலமெல்லாம் மஞ்சளடித்துப் பொய்த்துப்போனது. கிடைத்த மொச்சை ஊசிக்கும் குட்டிகளுக்கும் கோடை முழுக்கப் போதும். நாலாவது வாய்க்கு இல்லை.

புள்ளி வேலியோரம் வந்து நின்றது. "அண்ணே, எங்கள் குதிரில் நிறைய இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்!"

முள்ளன் வானத்தைப் பார்த்தது. பிறகு மனைவியிடம், "நான் அக்கரைக்குப் போகிறேன் என்று அதனிடம் சொல்" என்றது.

"ஐயோ, அங்கே சிறுத்தை இருக்கிறதே!"

"சிறுத்தையோடு எனக்கு முன்பகை எதுவும் இல்லை."

"அதற்குப் பகை எதற்குங்க? பசி போதுமே!"

முள்ளன் ஆற்றில் இறங்கி அக்கரை ஏறியது. ஒன்பதாம் நாள் அதன் முட்கள் சில தண்ணீரில் மிதந்து வந்தன. ஊசி அவற்றைப் பொறுக்கி வளையில் வைத்தது. மழை வந்ததும், நிழலில் விதையைப் பரப்பிவிட்டுப் புள்ளியைக் கூப்பிட்டது.

பகையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறவனுக்கு, உதவி உண்ணியாகத் தெரியும். சிறுத்தை உறவாகத் தெரியும்.