முந்நூற்று எழுபது முடிச்சுகள்

முன்னொரு காலத்தில், மேகங்கள் இப்போதைவிடத் தாழப் பறந்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் உப்பரிகையில் சாய்ந்து வானத்தைப் பார்ப்பார். பார்க்கப் பார்க்க ஏதாவது ஓர் ஆசை வந்துவிடும். அவருக்கு ஆசை வந்தால் ஊருக்குத் தூக்கம் போய்விடும்.

ஒருநாள் சபையில் அவர் கேட்டார்: "மேகங்களுக்குச் சொந்த ஊர் எது?"

புலவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள். கருவூலத் தலைவர் அருமைநாயகர் மட்டும் எழுந்து, "அரசே, நம் விகடகவி சுருளியப்பரை மஞ்சுமலை மண்டபத்துக்கு அனுப்புவோம். பத்து மாதம் மேகங்களோடு தங்கிப் பார்த்து வந்து சொல்லட்டும்" என்றார்.

அவருக்கு மேகத்தின்மேல் என்ன அக்கறை! சுருளியப்பரின் வீடு அவர் வீட்டை ஒட்டி இருந்தது. அங்கே ஒரு மல்லிகைப் பந்தலும் கற்கண்டாக இனிக்கும் தண்ணீர்க் கிணறும் உண்டு. நடுச்சுவரை இடித்துவிட்டு இரண்டையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அருமைநாயகரின் பல நாள் கனவு.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அரண்மனை வேலையாக வெளியூர் போகிறவர் கையில் ஒரு வெள்ளைக் கயிற்றைக் கொடுப்பார்கள். வீட்டை விட்டுத் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் அதில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். திரும்பி வந்ததும் முடிச்சுகளை எண்ணி, சோற்றுச் செலவு, வழிச்செலவு, கம்பளிச் செலவு எல்லாவற்றையும் அவருடைய வீட்டு வரியில் கழித்துவிடுவார்கள். ஆனால் ஓராண்டுக்கு மேல் ஒரே இடத்தில் தங்கிவிட்டால், அந்த இடமே அவருக்கு வீடு. தன் வீட்டில் இருப்பவனுக்கு ஏது வழிச்செலவு? கயிறு வெறும் கயிறாகிவிடும். தை அமாவாசைக்குள் வரியைக் கட்டாதவர் வீடு ஏலத்துக்குப் போகும்.

சுருளியப்பர் கைப்பணத்தை எல்லாம் செலவழித்து மலையேறினார். மலையில் காலமே வேறாக இருந்தது. மேகங்கள் கேட்காமல் உள்ளே வரும், தூணைச் சுற்றும், அவர் மடியில் கொஞ்ச நேரம் உட்காரும், எழுந்து போகும். சில நாள் தன் கையே அவருக்குத் தெரியாது. நான் இருக்கிறேனா, கரைந்துவிட்டேனா என்று தன் பெயரைத் தானே கூப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். வாரம் ஒருமுறை உப்பு மூட்டைக் கழுதைகள் ஏறி வரும். அவற்றோடு மனைவி பூரணியின் ஓலையும் வரும். ஒரே வரிதான். 'எப்ப வருவீங்க?' அதைப் படித்ததும் அவருக்குக் கைகால் எல்லாம் திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கும்.

பத்து மாதம் முடிந்தது. திரும்பும்படி ஓலை வரவில்லை. அரண்மனை ஓலை இல்லாமல் இறங்கக் கூடாது. "மார்கழி மேகம் வேறு ஜாதி, அதையும் பார்த்துவிடட்டும் அரசே" என்று அருமைநாயகர் அரைத்தூக்கத்தில் இருந்த ராஜாவிடம் தலையாட்டல் வாங்கியிருந்தார். ஓலை வந்து சுருளியப்பர் தலைநகரில் கால் வைத்தபோது கயிற்றில் முந்நூற்று எழுபது முடிச்சுகள்.

அருமைநாயகர் அவற்றை ஒவ்வொன்றாக, ருசித்து எண்ணினார். "ஓராண்டும் ஐந்து நாளும். ஆகவே உமது வீடு மஞ்சுமலை மண்டபம். ஒரு காசும் கழிக்க முடியாது. அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கிறது."

"என் வீடு மலை மண்டபம்தான் என்று முத்திரை வைத்து எழுதித் தருவீர்களா?"

"தாராளமாக."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் பூரணி கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இந்தக் கெணத்த விட்டுட்டு நான் எங்க போவேன்? நீங்க பாட்டுக்கு மேகத்தோட வெளையாடிட்டு வந்துட்டீங்க."

சுருளியப்பர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "பூரணி, பூத்தொடுக்கிற கயிறு கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் சபையில் ஒரு புதுக் கயிற்றை நீட்டினார். அதில் ஒரே ஒரு முடிச்சு.

"அரசே, நேற்று இரவு வீட்டை விட்டு வெளியூரில் தங்கினேன். செலவைக் கழித்துத் தர வேண்டும்."

"நேற்று நீர் இங்கேதானே இருந்தீர்?"

"அதைத்தான் சொல்கிறேன். என் வீடு மஞ்சுமலையில் இருக்கிறது. இதோ கருவூல முத்திரை. அரண்மனை வேலையாக இந்த ஊருக்கு வந்து ஓர் அம்மாள் வீட்டில் தங்கியிருக்கிறேன். கண்டிப்பான அம்மாள். வற்றல் குழம்புக்கு ஒரு விலை, எண்ணெய் தேய்த்துவிட்டதற்கு ஒரு விலை, வெற்றிலை மடித்துக் கொடுத்தது தனி. பதினோரு மாதம் இப்படித் தங்குவேன். பிறகு மலையேறி ஒரு வாரம் என் வீட்டில் இருந்துவிட்டு வருவேன். மறுபடியும் புதுக் கயிறு. ஆயுசுக்கும் என் சாப்பாடு கருவூலத்தின் பொறுப்பு."

அருமைநாயகர் முகம் வெளுத்தது. ராஜாவின் மீசை துடித்தது. "அந்த அம்மாளை அழைத்து வாருங்கள்."

பூரணி வந்து கும்பிட்டாள்.

"எல்லாவற்றுக்கும் விலை போட்டாயாமே, அம்மா?"

"ஒண்ணுக்கு மட்டும் போடல, மகாராஜா. எப்ப வருவீங்கன்னு அம்பத்திரண்டு தடவ எழுதிக் கேட்டேன். அதுக்கு என்ன வெலன்னு எனக்குத் தெரியல."

ராஜா மெல்லக் கேட்டார்: "சுருளியப்பரே, போன காரியம் என்ன ஆயிற்று? மேகங்களின் சொந்த ஊர் மலைதானா?"

"இல்லை அரசே. மலைக்கு அவை வேலையாக வருகின்றன. வழிச்செலவுக்கு அங்கங்கே கொஞ்சம் தூறலைக் கொடுத்துவிட்டு வருகின்றன. வேலை முடிந்ததும் ஆற்றில் இறங்கிக் கடலுக்குப் போய்விடுகின்றன. காற்று அடங்கினால் மலைமேல் கடலின் சத்தம் கேட்கும். ஓயாமல் ஒரே கேள்வி. என் பெட்டியில் இருக்கும் ஓலைகளில் உள்ள அதே கேள்விதான். கேட்கிறவர் இருக்கும் இடம்தானே ஊர்?"

ராஜா முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வற்றல் குழம்பு நினைவுக்கு வந்து வயிறு குலுங்கச் சிரித்தார். முந்நூற்று எழுபது முடிச்சுகளுக்கும் செலவைக் கழிக்கச் சொன்னார். வீட்டு வரியை ஆயுளுக்கும் தள்ளுபடி செய்தார். எப்போது வருவாய் என்று யார் கேட்கிறார்களோ அவர்கள் இருக்கும் இடமே வீடு என்று சட்டத்தை மாற்றினார். கடைசியாக ஒரு வெள்ளைக் கயிற்றை எடுத்து அருமைநாயகர் கையில் வைத்தார். "நீர் போய் அந்தக் கடல் சத்தத்தைச் சரிபார்த்து வாரும்."

"எத்தனை நாளுக்கு, அரசே?"

"எப்போது வருவீர் என்று உம் வீட்டிலிருந்து ஓலை வரும்வரை."

பூரணி அந்தப் பழைய கயிற்றில் ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. அதைக் கொண்டே மல்லிகைக் கொடியைப் பந்தலில் இழுத்துக் கட்டினாள்.

அருமைநாயகருக்கு ஏழாம் மாதம்தான் வீட்டிலிருந்து ஓலை வந்ததாம். மேகத்துக்குள் நின்று அவர் அதை ஆவலாகப் பிரித்தார். 'ஒண்ணும் அவசரமில்லை' என்று எழுதியிருந்தது.

செய்தி கேட்ட ராஜா உப்பரிகையில் உருண்டு உருண்டு சிரித்தார். பாவம் என்று அவரே ஓர் ஓலை எழுதி அருமைநாயகரை வரவழைத்தார்.