மன்னிப்பு வேண்டாம் என்ற அழகிநாச்சி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேங்கைநாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டான். சந்தோஷம் வந்தால் ஊருக்கே விருந்து போடுவான். கோபம் வந்தால் ஊருக்கே சட்டம் போடுவான்.

அவன் தம்பி ஒரு திருவிழாவில் கஞ்சா இலையை அரைத்துப் பாலில் கலக்கிச் செம்பு செம்பாகக் குடித்துவிட்டு, கோட்டை மதில்மேல் ஏறி ஆடினான். கால் இடறி விழுந்து செத்தான். ராஜா அழுதான். அழுத கண்ணைத் துடைப்பதற்குள் சட்டமும் போட்டுவிட்டான். "கஞ்சா இலை யார் வீட்டில் இருந்தாலும் ஆயுள் சிறை. மருந்து என்று சொன்னாலும் சிறைதான்!"

அந்தச் சட்டத்தால் ஆள் பெரிதானவர் நகரக் காவல் தலைவர் உத்தண்டராயர். வைத்தியர்கள், பண்டாரங்கள், மாட்டுக்கு மருந்தரைத்த கிழவர்கள் என்று யாரையும் அவர் விடவில்லை. ஆள் பிடிபடும்போதெல்லாம் சபையில் அவருக்குச் சால்வை விழுந்தது.

அப்படி ஒருநாள் அவர் இழுத்துவந்தவள் அழகிநாச்சி. அவள் புருஷன் கொற்றன், ராஜாவின் ஈட்டிப்படையில் இருந்தவன். போரில் அவனுக்கு ஒரு கால் போயிற்று. கால் போயும் வலி போகவில்லை. இல்லாத கால் எரிகிறது என்று துடிப்பான். நாச்சி கொல்லையில் செடி வளர்த்து, இலையை நெய்யில் வதக்கி லேகியம் கிண்டிக் கொடுத்தாள். அதன்பிறகுதான் அந்த மனுஷன் சோறு தின்றான், தூங்கினான்.

"இலை கொடுத்தது உண்மையா?" என்றான் ராஜா.

"உண்மை மகாராஜா. இப்போது விட்டால் வீட்டுக்குப் போய் இன்னொரு உருண்டை கொடுப்பேன்."

சபையில் சிரிப்பு கிளம்பியது. ராயருக்கு முகம் கறுத்தது. தன் பேச்சுக்கு ஒருநாளும் சிரிக்காத சபை இவளுக்குச் சிரிக்கிறதே!

"அரசே, இலை தின்றவன் மிருகமாகிவிடுவான்," என்று எழுந்தார். "கூட்டத்தில் நின்றாலும் ஒரே பார்வையில் காட்டிவிடுவேன்."

"காட்டுங்களேன், பார்ப்போம்," என்றாள் நாச்சி.

போட்டி என்றால் ராஜாவுக்கு உயிர். நிமிர்ந்து உட்கார்ந்தான். "ராயர் சரியாகக் காட்டினால் உனக்கு ஆயுள் சிறை. தவறினால் மன்னித்து அனுப்புகிறேன். சம்மதமா?"

"தோற்றால் சிறைக்குப் போகிறேன். மன்னிப்பைப் பற்றி அப்புறம் பேசுவோம்."

அரண்மனை வைத்தியர், ராஜா சொன்னபடி, காயம்பட்ட போர்வீரர்கள் மூன்று பேரை உள்ளறைக்கு அழைத்துப்போனார். ஒருவனுக்கு லேகியம், ஒருவனுக்குச் சாராயம், ஒருவனுக்கு ஒன்றுமில்லை. யாருக்கு எது என்று வைத்தியருக்கு மட்டுமே தெரியும்.

மூவரும் சபையில் உட்கார வைக்கப்பட்டார்கள். ஒருவன் தூணைக் கட்டிக்கொண்டு, "மச்சான், சௌக்கியமா?" என்று அதனிடம் விசாரித்தான். இன்னொருவன் அமைதியாகச் சம்மணம் போட்டிருந்தான். மூன்றாவது ஆள் கொற்றன். கண் சிவந்து, உடம்பு வேர்த்து, பல்லைக் கடித்து முனகிக்கொண்டிருந்தான்.

ராயர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இதோ! கண்ணைப் பாருங்கள், முனகலைக் கேளுங்கள். இவன்தான்!" என்று கொற்றனைக் காட்டினார்.

வைத்தியர் இல்லையென்று தலையாட்டினார். "இவருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. மனைவி பிடிபட்டதிலிருந்து மருந்தில்லை. நீங்கள் பார்ப்பது வெறும் வலி."

ராயர் தடுமாறி, "அப்படியானால் தூணோடு பேசுகிறானே, அவன்!" என்றார்.

"அது சாராயம். உங்கள் அனுமதியோடு கடைத்தெருவில் விற்பது."

சபை சிரித்து முடிப்பதற்குள், சம்மணமிட்டிருந்த வீரன் கைகூப்பினான். "இலை தின்றவன் நான், அரசே. என்னை விசாரிப்பது இருக்கட்டும். முதலில் கொற்றனைக் கவனிக்கச் சொல்லுங்கள்."

ராஜா வைத்தியருக்குக் கையசைத்தான். லேகியம் வந்தது. நாச்சி தன் கையால் புருஷனுக்கு ஊட்டினாள்.

"உன்னை மன்னித்தேன், பெண்ணே. போகலாம்."

"தப்புச் செய்தவளுக்குத்தான் மன்னிப்பு. எனக்கு வேண்டாம். சட்டத்தை மாற்றுங்கள்."

"என் தம்பியைக் கொன்ற இலை அது!"

"தெரியும், மகாராஜா. அந்தச் சாவுக்கு நானும் அழுதேன். தம்பி விழுந்தாரே, அந்த மதிலை இடித்துவிட்டீர்களா?"

"மதிலை இடித்தால் எதிரி நுழைவானே! விளிம்பில் கைப்பிடிச் சுவர் கட்டினேன்."

"இலைக்கும் அதைச் செய்யுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுப்பவனைப் பிடியுங்கள். திருவிழாவில் செம்பு செம்பாக ஊற்றுபவனைத் தடுங்கள். வைத்தியன் கையை ஏன் கட்டுகிறீர்கள்?"

"பெண் பேச்சுக்குச் சட்டம் மாறினால் கிரீடத்துக்கே அவமானம்!" என்று கத்தினார் ராயர்.

"வலியில் துடிப்பவனைக் குற்றவாளி என்று காட்டினீரே, அதைவிடவா?" என்றான் ராஜா. பழைய சட்டம் அங்கேயே கிழிபட்டது. இனி வைத்தியர் பார்த்துக் கொடுக்கலாம் என்று புதுச் சட்டம் எழுதி, நாச்சிக்கு ஒரு பொன்மாலையும் நீட்டினான்.

அவள் கை நீட்டவில்லை. "ஏற்கெனவே சிறையில் இருப்பவர்கள்?"

"அவர்கள் பழைய சட்டத்தில் மாட்டியவர்கள். அது வேறு."

"நானும் பழைய சட்டத்தில் மாட்டியவள்தானே?" வலி தணிந்து கண்ணயர்ந்த புருஷனை வைத்தியரிடம் ஒப்படைத்துவிட்டு, அவளாகவே சிறைக்கு நடந்தாள். காவலன் திகைத்து நிற்க, உள்ளே போய்க் கைதிகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

ராஜா கொதித்தான். சாப்பிட உட்கார்ந்தவன், அவள் கேட்ட கேள்வியே காதில் நிற்க, சாப்பிடாமல் எழுந்தான். பொழுது சாய்வதற்குள் அவனே சிறை வாசலுக்கு வந்தான். "ராயரே, எல்லாப் பூட்டையும் உம் கையாலேயே திறவும். வெளியே வரும் ஒவ்வொருவரையும் கும்பிடும்."

ராயர் திறந்தார். கும்பிட்டார். கடைசியாக நாச்சி, ஒரு கிழ வைத்தியரைத் தாங்கிக்கொண்டு வந்தாள். இருட்டறையில் கிடந்து கிடந்து அவருக்குப் பார்வை மங்கியிருந்தது.

ராயர் அவசரமாகக் கைகூப்பினார்.

"இவர் கண்ணுக்குத் தெரியாத கும்பிடு எதற்கு?" என்றாள் நாச்சி. "கையைப் பிடித்து வீடுவரைக்கும் கூட்டிப்போங்கள். இழுத்துவந்த வழி உங்களுக்குத்தானே தெரியும்."

ஊரே வாசலில் நின்று பார்த்தது. பட்டுச் சால்வை தெருப்புழுதியில் புரள, உத்தண்டராயர் அந்தக் கிழவரின் கையைப் பிடித்து, மேடு பள்ளம் சொல்லிக்கொண்டே நடந்தார்.