மூவாயிரம் ஓலைக்கு ஒரே தலைப்பு

முன்னொரு காலத்தில், மனதில் பட்டதையெல்லாம் ஓலையில் ஏற்றிவைக்கும் ராஜா ஒருவன் இருந்தான். மணவீரன் என்று பெயர். கத்தரிக்காய் ருசித்தால் ஓலை. கெட்ட கனவு கண்டால் ஓலை. யாராவது தப்பித்தவறி உருப்படியாக ஒன்று சொல்லிவிட்டால் அதற்கும் ஓலை. இருபது வருஷத்தில் மூவாயிரம் சேர்ந்துவிட்டது.

அவற்றைக் காத்தவர் ஓலைநாயகம் தில்லைவிடங்கர். ஒவ்வொரு ஓலையையும் சுருட்டி, நூலால் கட்டி, தலைப்பு எழுதிய சிறு நறுக்கு ஒன்றைத் தொங்கவிடுவார். தலைப்பு ராஜாவின் பட்டப்பெயர்களோடுதான் தொடங்க வேண்டும் என்பது அவர் வகுத்த வழக்கம். பட்டப்பெயர்கள் பதினெட்டு. அவற்றை எழுதி முடிப்பதற்குள் நறுக்கு நிறைந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத இடம் இருக்காது. இதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பார்க்க அழகாக இருந்தது, அது போதும்.

உப்பிலி என்பவன் முதலில் அவரிடம்தான் எழுத்து வேலை பார்த்தான். ஒரு நாள் ஒரு நறுக்கில் 'கத்தரிக்காய்' என்று மட்டும் எழுதினான். அன்றே சீட்டுக் கிழிந்தது. சேதி கேட்டுச் சிரித்த ராஜா, அவனைச் சபையில் விகடகவியாக வைத்துக்கொண்டான். அது தில்லைவிடங்கருக்குத் தொண்டையில் முள்.

அந்த வருஷம் பட்டத்து யானை தீனியை விட்டது. மூன்று நாள் ஒரு கவளம் இறங்கவில்லை. வைத்தியர்கள் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

"ஏழு வருஷத்துக்கு முன்பும் இதே நோவு வந்தது. செத்துப்போன பழைய பாகன் ஒரு வைத்தியம் சொன்னான். ஓலையில் ஏற்றச் சொன்னேன். அதைக் கொண்டுவாருங்கள்" என்றான் ராஜா.

"தலைப்பைச் சொல்லியருளினால் இக்கணமே எடுத்துத் தருகிறேன், மகாராஜா" என்றார் தில்லைவிடங்கர்.

"தலைப்பு எனக்கெப்படி ஓய் தெரியும்? உள்ளே இருப்பதுதான் தெரியும்."

தில்லைவிடங்கருக்கு வேர்த்தது. கண் மெல்ல உப்பிலியின் மேல் போய் நின்றது. "மகாராஜா, அந்த ஓலையை எழுதியவன் இவன். போகும்போது பழிவாங்கத் தூக்கிக்கொண்டு போயிருப்பானோ என்று ஐயப்படுகிறேன்."

பசித்த யானை வெளியே பிளிறியது. ராஜாவுக்குப் பொறுமை போயிற்று. "உப்பிலி, பொழுது சாய்வதற்குள் ஓலை வர வேண்டும். வராவிட்டால் எல்லையைத் தாண்டிப் போய்விடு. இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே."

பக்கத்து நாட்டு ராஜா பிறந்ததிலிருந்து சிரித்ததில்லை என்று கேள்வி. அங்கே போனால் பட்டினிதான் என்று உப்பிலிக்குத் தெரியும். எழுந்து கும்பிட்டான்.

"ஆகட்டும், மகாராஜா. சபையோர் அறுபது பேரும் துணைக்கு வேண்டும். ஆளுக்கு ஐம்பது ஓலை படிக்கட்டும். மகாராஜாவின் பொன்மொழிகளைப் படிக்க மனமில்லாதவர் கை தூக்கலாம்."

ஒரு கையும் எழவில்லை. மூவாயிரம் ஓலையும் கூடை கூடையாக வந்தன.

"பொறுங்கள்!" தில்லைவிடங்கர் குறுக்கே பாய்ந்தார். "தலைப்பை முழுதாகக் கூறாமல் எந்த ஓலையையும் அவிழ்க்கலாகாது. மகாராஜாவே ஒப்பிய விதி!"

பதினெட்டுப் பட்டப்பெயர், மூவாயிரம் முறை. சொல்லி முடிப்பதற்குள் தை பிறந்துவிடும். ஆனால் ராஜா, "விதி விதிதான்" என்றான்.

உப்பிலி ஒரு நறுக்கை எடுத்தான். நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கி, பதினெட்டையும் உரக்கப் படித்து முடித்தான்.

"ஓலைநாயகம் அவர்களே, வேறு தலைப்பு உள்ள நறுக்கு ஒன்றாவது உண்டா?"

"என்ன பேச்சு! மூவாயிரத்திலும் ஓர் எழுத்துப் பிசகாது!" அவருக்கு மார்பு விம்மியது.

"அப்படியானால் மூவாயிரத்துக்கும் தலைப்புச் சொல்லியாயிற்று. அவிழுங்கள், ஐயா."

சிரிப்பை அடக்கியதில் ராஜாவின் மீசை லேசாகத் துடித்தது. ஓலைகள் அவிழ்ந்தன.

"பாகன் சொன்னதில் ஒரே ஒரு சொல்லாவது நினைவிருக்கிறதா, மகாராஜா?"

"பெருங்காயம் என்று ஏதோ சொன்னான்."

"பெருங்காயம் என்று கண்டவர்கள் எழுந்து படியுங்கள்!"

சிறிது நேரத்தில் பதினொரு பேர் எழுந்தார்கள். மந்திரி படித்தார்: "நேற்று ரசத்தில் பெருங்காயம் தூக்கல்." சேனாபதி படித்தார்: "சேனாபதி பக்கத்தில் வந்தால் பெருங்காய வாடை." படித்துவிட்டு ஓலையைச் சுருட்டினார். தில்லைவிடங்கர் மட்டும் வாய் திறக்காமல் நின்றார்.

"படியும் ஓய்" என்றான் ராஜா.

"தில்லைவிடங்கர்..." என்று இழுத்தார். "தில்லைவிடங்கர் பெருங்காயம் இருந்த பாண்டம். வாசனை உண்டு, சரக்கு இல்லை."

சபை கூரையைப் பார்த்துக்கொண்டது.

"பெருங்காயத்தோடு யானையும் இருக்கும் ஓலைக்காரர் மட்டும் நில்லுங்கள்" என்றான் உப்பிலி.

பத்துப் பேர் உட்கார்ந்தார்கள். குதிரைலாயத் தலைவர் மட்டும் நின்றார். "யானை தின்னாவிட்டால் வயிற்றைப் பார்க்காதே, வாயைப் பார். கடைவாயில் மூங்கில் சிராய் குத்தியிருக்கும். பிடுங்கிவிட்டு, பெருங்காயம் சேர்த்த வெல்ல உருண்டை கொடு."

ஓடினார்கள். விரல் நீளச் சிராய் வந்தது. பொழுது சாய்வதற்குள் யானை ஒரு வண்டிக் கரும்பைக் காலி செய்தது.

"களவு போன ஓலை உம்முடைய கூடையிலேயே இருந்திருக்கிறதே, ஓய்!" என்று ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "இனி நறுக்கில் உள்ளே இருப்பதை எழுதும். என் பட்டங்கள் இடம் மிஞ்சினால் போதும். உப்பிலிக்குக் கறவைப் பசு இரண்டு, கன்றோடு. ஓலைநாயகம், இதையும் ஓலையில் ஏற்றிக் கட்டிவையும்."

உப்பிலி பதறிப்போய்க் குறுக்கே வந்தான்.

"மகாராஜா, முதலில் மாட்டை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். ஓலையை அவர் மெதுவாகக் கட்டட்டும்."

ராஜா மறுபடி சிரிக்கத் தொடங்கினான். அவன் சிரித்து ஓய்வதற்குள் உப்பிலி மாடுகளோடு வீதிக்கு வந்துவிட்டான்.